பூட்டிக்கொள்ளும் கேபிள், ஒத்துப்போகாத மின்சாரம்: பவர் சப்ளை மாற்றும்போது கணினி ஏன் கருகுகிறது?

சுவர் மின்சாரத்தைக் கணினியின் பாகங்களுக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் பெட்டிதான் பவர் சப்ளை. பழுதான ஒன்றைக் கழற்றிவிட்டு, புத்தம் புதியதொன்றைப் பூட்டி, சுவிட்சைப் போட்டவுடன் ஹார்ட் டிஸ்க் சத்தமில்லாமல் செத்துப்போகிறது. சில வேளைகளில் பாகங்களையெல்லாம் இணைக்கும் பலகையான மதர்போர்டும் அதோடு சேர்ந்து போகிறது. புதுச் சாமான் பூட்டியும் எப்படி இது நடந்தது என்று கேட்டால், கரண்ட் கூடிவிட்டது என்ற பதில்தான் அனேகமாகக் கிடைக்கும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் அந்தப் பதிலை யாரும் சந்தேகிப்பதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்டவர்கள் நாங்கள். மின்சாரத்தின் மீது பழி போடப் பழகிவிட்டோம். ஆனால் இந்தக் குறிப்பிட்ட சேதத்தில் வீதியோர மின்கம்பத்துக்குப் பங்கில்லை. கழற்றாமல் பெட்டிக்குள்ளேயே விடப்பட்ட பழைய கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்று விற்பனையாகும் நல்ல பவர் சப்ளைகளில் பெரும்பகுதி மொடியூலர் வகை. அதாவது, வயர்கள் பெட்டியோடு நிரந்தரமாக ஒட்டியிருப்பதில்லை. தேவையான கேபிளை மட்டும் அதன் முதுகில் செருகிக்கொள்ளலாம். தேவையற்ற வயர்கள் கணினிக்குள் சுருண்டு கிடக்காது, காற்றோட்டம் நன்றாக இருக்கும். இந்த வசதிதான் வினையாகவும் முடிகிறது. பழைய பவர் சப்ளையைக் கழற்றுபவர், ஏற்கெனவே அழகாக ஓடவிட்டுக் கட்டிவைத்த கேபிள்களைப் பார்க்கிறார். அவற்றை மறுபடி இழுத்தெடுத்துக் கட்டுவது ஒரு மணிநேர வேலை. புதிய பெட்டியின் முதுகிலும் அதே வடிவத் துளைகள். பழைய கேபிளைச் செருகினால் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது. வேலை முடிந்ததாக நினைத்து மூடிவிடுகிறார்.

கேபிளின் இரண்டு முனைகளில் ஒன்றுக்கு மட்டுமே நியமம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் நியமமும் அதன் பின்வந்த திருத்தங்களும் மதர்போர்டில் செருகும் முனையில் எந்தப் பின்னில், அதாவது எந்த உலோகத் தொடுமுனையில், எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று தெளிவாகச் சொல்கின்றன. ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா முனையும் அப்படியே: 15 தொடுமுனைகள், மும்மூன்றாக 3.3, 5, 12 வோல்ட், மிச்சம் பெரும்பாலும் தரை, அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி. எந்த நாட்டில் செய்தாலும் இது மாறாது. ஆனால் அதே கேபிளின் மறுமுனை, பவர் சப்ளையின் முதுகில் செருகும் முனை, எந்த நியமத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. அங்கே எந்தத் துளையில் 12 வோல்ட்டை வைப்பது, எதில் 5 வோல்ட்டை வைப்பது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் வசதிப்படி தீர்மானிக்கிறார். பிளாஸ்டிக் வார்ப்பை மட்டும் பலரும் ஒரே சந்தையிலிருந்து வாங்குகிறார்கள். ஆகவே துளைகளின் வடிவம் ஒத்திருக்கும், உள்ளே ஓடுவது ஒத்திருக்காது.

ஒரே பிராண்டுக்குள்ளும் இது நடக்கும். சந்தையில் பெயர் பெற்ற பல பிராண்டுகள் பவர் சப்ளையைத் தாங்களே செய்வதில்லை. வெவ்வேறு தொழிற்சாலைகளில் செய்வித்துத் தங்கள் பெயரை ஒட்டுகின்றன. கோர்செயர் நிறுவனம் தன் கேபிள்களில் 'டைப் 3', 'டைப் 4' என்று அச்சிட்டே கொடுக்கிறது. இந்த இரண்டிலும் 24 பின் மதர்போர்ட் கேபிளின் உள்ளமைப்பு வேறு. அப்படி அச்சிட்டுக் கொடுப்பது நல்ல பழக்கம், எல்லோரும் அதைச் செய்வதில்லை. எனவே பிராண்ட் ஒன்றுதான் என்று மனதைத் தேற்றிக்கொள்வதில் பாதுகாப்பு இல்லை. மொடல் வரை பொருந்த வேண்டும், அல்லது தயாரிப்பாளரே வெளியிட்ட பொருத்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

நல்ல பவர் சப்ளையில் பாதுகாப்புச் சுற்றுகள் இருக்கின்றனவே, அவை ஏன் தடுப்பதில்லை என்று கேட்கலாம். சரியான கேள்வி. அந்தச் சுற்றுகள் காவல் காப்பது தங்கள் சொந்த வெளியீட்டை. 12 வோல்ட் வழி 12 வோல்ட்டாகவே இருக்கிறதா, 5 வோல்ட் வழி 5 வோல்ட்டாகவே இருக்கிறதா, மின்னோட்டம் அளவு மீறுகிறதா என்றுதான் அவை பார்க்கும். பழைய கேபிள் அந்த 12 வோல்ட்டைக் கொண்டுபோய் ஹார்ட் டிஸ்க்கின் 5 வோல்ட் வாசலில் கொட்டினால், பவர் சப்ளையின் பார்வையில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. 12 வோல்ட் வழியும் தரையும் நேரே முட்டிக்கொண்டால் அது ஷோர்ட். பவர் சப்ளை உடனே அடங்கிவிடும், பெரும்பாலும் எதுவும் கெடாது. உண்மையில் அதுவே அதிர்ஷ்டமான தவறு. 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் இடம் மாறும் தவறுதான் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பொருளை அழிக்கிறது.

எது முதலில் போகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் மின்பலகையில் டிவிஎஸ் எனப்படும் இரண்டு சிறிய டையோடுகள் இருக்கும், 5 வோல்ட் வழிக்கு ஒன்று, 12 வோல்ட் வழிக்கு ஒன்று. அளவு மீறிய மின்னழுத்தம் வந்தால் அவை தம்மைத் தாமே ஷோர்ட் ஆக்கிக்கொண்டு மற்றவற்றைக் காப்பாற்றப் பார்க்கும். சில வேளைகளில் காப்பாற்றியும் விடும். வலுவான பவர் சப்ளையாக இருந்தால் அவையும் எரிந்து, மோட்டாரை இயக்கும் சில்லும் (சிப்) எரியும். சுழலும் தட்டு இல்லாத சேமிப்புக் கருவிகளான 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் 5 வோல்ட்டை மட்டுமே பயன்படுத்துபவை. அந்த வாசலில் 12 வோல்ட் நுழைந்தால் தப்புவது அரிது. மதர்போர்டில் நேரே படுத்திருக்கும் எம்.2 எஸ்எஸ்டிகளுக்கு சாட்டா கேபிள் தேவையில்லை என்பதால் இந்தக் கேபிள் தவறு அவற்றை நேரடியாகத் தொடாது. ஆனால் 24 பின் கேபிளே மாறிப்போனால் அவையும் மதர்போர்டோடு சேர்ந்து ஆபத்தில்தான்.

எங்கள் பகுதியில் இந்தத் தவறு நடக்க வாய்ப்புக் கூடுதல் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. திருமண வீடியோ தொகுக்கும் ஸ்டூடியோக்களும், பதாகை அச்சிடும் கடைகளும், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களின் மாணவர்களும் கனமான கிராபிக்ஸ் அட்டை கேட்கிறார்கள்; அதற்கேற்ற பவர் சப்ளையைப் புதிதாக வாங்கும் விலை கையைச் சுடுகிறது. ஆகவே பாவித்த பவர் சப்ளை கைமாறுகிறது. கைமாறும்போது அதன் கேபிள் பை எங்கோ தொலைந்துபோயிருக்கும். வாங்கியவர் வேறு எங்கோ கிடந்த கேபிளைப் பூட்டுகிறார், அல்லது விற்றவரே 'எல்லாம் ஒன்றுதான் தம்பி' என்று ஒரு கட்டைக் கையில் கொடுத்துவிடுகிறார். கேபிள் இல்லாமல் விற்கப்படும் மொடியூலர் பவர் சப்ளையைப் பாதி விலைக்குக்கூட வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. சரியான கேபிளை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்துக் கணக்குப் பார்த்தால் அந்த மிச்சம் கரைந்துவிடும்.

மொடியூலர் அல்லாத பழைய வகையிலும் தவறுகள் இருக்கின்றன, அவை கருவியின் பக்கத்தில் நடப்பவை. ப்ராசசருக்குச் செல்லும் 8 பின் முனையும், கிராபிக்ஸ் அட்டைக்குச் செல்லும் 8 பின் முனையும் பார்வைக்கு இரட்டையர்கள். முதலாவதில் 4 பின் 12 வோல்ட், 4 பின் தரை. இரண்டாவதில் 3 பின்தான் 12 வோல்ட், மற்றவை தரைப் பக்கம். அதோடு 12 வோல்ட் வரிசை இருக்கும் பக்கமும் எதிர்ப்பக்கம். பின்களின் ஓரங்களைச் சில சதுரமாகவும் சில மூலை வெட்டியும் வார்த்திருப்பதே மாற்றிச் செருகுவதைத் தடுக்கும் ஏற்பாடு. அழுத்திப் பிதுக்கினால் அந்த ஏற்பாடு தோற்றுவிடும். 'செருகவில்லை, கொஞ்சம் பலமாகத் தள்ளு' என்ற சொல்லைக் கணினிக்குள் எங்கும் பயன்படுத்தக் கூடாது. பழைய டிஸ்க்குகளுக்கும் விசிறிகளுக்கும் செல்லும் நான்கு பின் மோலெக்ஸ் முனையும் தளர்ந்துபோனால் தலைகீழாகப் புகக்கூடியது. அப்படிப் புகுந்தால் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் அப்படியே இடம் மாறும். ஏடிஎக்ஸுக்கு முந்திய ஏடி நியமக் காலத்தில் வேலை பழகியவர்களுக்கு மதர்போர்டின் இரண்டு முனைகளையும் கறுப்பு வயரும் கறுப்பு வயரும் நடுவில் சேரும்படி செருக வேண்டும் என்ற விதி கைப்பழக்கமாக இருந்தது. அதில் பிழைத்தால் பலகை போய்விடும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அலுவலகக் கணினிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டெல், எச்பி, லெனோவோ நிறுவனங்களின் பாவித்த அலுவலகக் கணினிகள் இங்கே வீடுகளிலும் போட்டோகொப்பிக் கடைகளிலும் நிறைய ஓடுகின்றன, உழைக்கவும் செய்கின்றன. அவற்றின் பவர் சப்ளை கெட்டால் சாதாரண ஏடிஎக்ஸ் ஒன்றை வாங்கி வைக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். 1990களின் இறுதியில் டெல் வெளியிட்ட கணினிகளில், பார்வைக்கு ஏடிஎக்ஸ் போலவே தோன்றும் 20 பின் முனையில் உள்ளே வயர்களை வேறு ஒழுங்கில் வைத்திருந்தார்கள். சாதாரண பவர் சப்ளையைச் செருகியவர்களின் மதர்போர்ட் எரிந்தது. இப்போதைய அலுவலக மொடல்களில் பலவற்றின் பிரதான முனை 6, 8, 10 அல்லது 14 பின்னோடு வெளிப்படையாகவே வேறாக இருக்கிறது. ஏமாற்றாதது என்ற வகையில் அது நல்லதுதான். மாற்று அடாப்டர்கள் விற்பனைக்கு உண்டு. ஆனால் சில பலகைகள் கணினி அணைந்திருக்கும் நிலையில்கூட வழக்கமான 5 வோல்ட்டுக்குப் பதிலாக 11 அல்லது 12 வோல்ட்டை எதிர்பார்ப்பவை. ஆகவே அடாப்டரை வாங்கும்போது 'எச்பிக்கு ஒன்று' என்று கேட்காமல் மொடல் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பழைய பவர் சப்ளைகளின் பின்புறத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு சிறிய தள்ளு சுவிட்ச் இருக்கும், ஒரு பக்கம் 115, மறுபக்கம் 230. எங்கள் நாட்டுக்கு 230தான். பாவித்த பொருளாக வெளிநாட்டிலிருந்து வந்தது 115இல் நிற்கக்கூடும். 115 நிலையில் உள்ளே இருக்கும் சுற்று மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும். குறைந்த மின்னழுத்த நாடுகளிலும் உள்ளே ஏறக்குறைய 325 வோல்ட் கிடைக்கத்தான் இந்த ஏற்பாடு. அதே நிலையில் எங்கள் 230ஐக் கொடுத்தால் உள்ளே 650 வோல்ட் வரை ஏறப் பார்க்கும். அங்கே இருக்கும் இரண்டு மின்தேக்கிகளும் பொதுவாகத் தலா 200 வோல்ட் தாங்குபவை. வெடிச்சத்தமும் புகையும் நிச்சயம். பிளக்கைச் செருகும் முன் அந்தச் சுவிட்சைப் பார்ப்பதற்கு ஒரு நொடி போதும்.

கணினிப் பெட்டியில் கை பட்டால் 'சுர்' என்று உணர்வதாகப் பலர் சொல்வார்கள். இதைச் சாதாரணமாக விட்டுவிடுகிறோம், விடக் கூடாது. பவர் சப்ளையின் வாசலில் மின் இரைச்சலை வடிகட்ட, லைன், நியூட்ரல் இரண்டிலிருந்தும் உலோகப் பெட்டிக்குச் சிறிய மின்தேக்கிகள் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு நிலத்துக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைத் தொலைக்காட்சியிலோ ப்ரொஜெக்டரிலோ செருகும் கணத்தில் அந்த வேறுபாடு மென்மையான சிக்னல் முனைகள் வழியாகப் பாய்ந்து போர்ட்டைக் கெடுக்கக்கூடும். புதிய பவர் சப்ளை பூட்டியபின்தான் சுர் என்கிறது, ஆகவே அதில்தான் பிழை என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் சுவரைப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் எர்த் வயரே இழுக்கப்படாமல் இருக்கலாம். மலிவான எக்ஸ்டென்ஷன் கோட்களில் மூன்று துளைகள் இருந்தும் உள்ளே இரண்டு வயர் மட்டும் ஓடுவதுண்டு. எர்த் இல்லாத வீட்டில் ட்ரிப் சுவிட்சும் தன் கடமையை முழுதாகச் செய்ய முடியாது. பெட்டியில் உண்மையான மின்கசிவு ஏற்பட்டாலும் யாராவது தொடும்வரை அது விழாது. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்வது பவர் சப்ளையின் விலையைவிட முக்கியமான செலவு.

இனி கழற்றும் வேலை. கணினியை அணைத்தால் மின்சாரம் முழுதாக நின்றுவிட்டது என்று நம்ப வேண்டாம். பிளக் செருகியிருக்கும்வரை 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் மதர்போர்டில் ஓடிக்கொண்டே இருக்கும். பல பலகைகளில் ஒரு சிறிய விளக்கு எரிவது அதனால்தான். பின்பக்கச் சுவிட்சை அணைத்து, வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, கணினியின் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருப்பது வடிந்து அந்த விளக்கும் அணையும். அதன்பிறகே கை வைக்கலாம். பவர் சப்ளையின் சொந்தப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கி பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட்டைச் சேமித்து வைத்திருக்கக்கூடியது, அது உயிராபத்து. பல்லி புகுந்துவிட்டது, விசிறி கத்துகிறது என்றெல்லாம் திறந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பழகிய தொழில்நுட்பவியலாளரிடம் கொடுங்கள், அல்லது மாற்றிவிடுங்கள்.

நிலைமின் பற்றிய பயம் மாரி காலத்தில் இங்கே பெரிதாகத் தேவையில்லை; வாவியும் கடலும் சூழ்ந்த ஊரில் காற்றில் ஈரம் அதிகம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களும் ஏசி அறைகளும் வேறு கதை. காய்ந்த அந்தக் காற்றில் நைலோன் உடுப்போடு வேலை செய்பவர், பலகையைத் தொடுமுன் ஒவ்வொரு தடவையும் உலோகப் பெட்டியின் வண்ணம் பூசாத இடத்தைத் தொட்டுக்கொள்வது நல்லது.

ஈரத்தைவிட உப்பு பொல்லாதது. கல்லடியிலோ சாய்ந்தமருதிலோ கடற்கரையை ஒட்டிய வீட்டில் சில வருடங்கள் இருந்த கணினியைத் திறந்தால் பின்கள் மங்கியிருக்கும், சில இடங்களில் பச்சை பூத்திருக்கும். அப்படிப்பட்ட தொடுமுனையில் தடை கூடுகிறது. ஒரு பின்னில் 8 ஆம்பியர் ஓடுகிறது, தொடுமுனையின் தடை 0.05 ஓம் என்று வைத்தால் அந்தச் சிறு புள்ளியில் 3.2 வாட் வெப்பம் பிறக்கும். பிளாஸ்டிக் பழுத்து உருகத் தொடங்க அது போதும். புதிய பவர் சப்ளையின் பளபளப்பான முனையை இப்படிப்பட்ட மதர்போர்ட் முனையில் செருகுமுன், மின்தொடுமுனைகளுக்கென்று விற்கும் துப்புரவுத் திரவத்தால் சுத்தம் செய்து உலரவிட வேண்டும். முனை பழுப்பேறிக் கருகியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை. மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான அடாப்டர்களில், வயர்களை ஒரே பிளாஸ்டிக்கில் உருக்கி வார்த்த வகை உள்ளுக்குள்ளே ஷோர்ட் ஆகித் தீப்பிடிப்பதாகப் பெயர் எடுத்தது. எங்கள் உப்புக் காற்றில் அதை நான் எவருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பூட்டுமுன் சோதிக்கும் முறை எளியது. புதிய பவர் சப்ளையையும் அதோடு பெட்டியில் வந்த கேபிள்களையும் மேசையில் வையுங்கள்; எந்தக் கருவியும் இணைந்திருக்கக் கூடாது. பவர் சப்ளை டெஸ்டர் என்ற சிறிய கருவி கடைகளில் உண்டு, இல்லாவிட்டால் 24 பின் முனையில் 16ஆவது பின்னையும் பக்கத்தில் உள்ள 17ஆவது பின்னையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்தால் பவர் சப்ளை ஓடத் தொடங்கும். பழைய வகையில் அது பச்சை வயரும் கறுப்பு வயரும். இப்போது எல்லா வயரும் கறுப்பாகவே வருவதால் எண்ணைப் பார்த்தே செய்ய வேண்டும். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு இணைத்து, அதன்பிறகு போட வேண்டும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் தரையில் வைத்துச் சிவப்பு முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். 12 வோல்ட் வழி 11.4க்கும் 12.6க்கும் இடையிலும், 5 வோல்ட் வழி 4.75க்கும் 5.25க்கும் இடையிலும், 3.3 வோல்ட் வழி 3.14க்கும் 3.47க்கும் இடையிலும் நிற்க வேண்டும். சாட்டா, மோலெக்ஸ் முனைகளிலும் இதே சோதனை. பாவித்த பவர் சப்ளையை வாங்குபவர் கடையிலேயே இதைச் செய்துகாட்டச் சொல்லிக் கேட்கலாம்; நேர்மையான கடைக்காரர் மறுக்கமாட்டார். பிறகு கணினியில் பூட்டும்போதும் முதல் தடவை ஹார்ட் டிஸ்க்குகளை இணைக்காமல் போட்டுப் பாருங்கள். மதர்போர்ட் திரையில் உயிர்த்தெழுந்த பிறகு அணைத்து, வயரைப் பிடுங்கி, அதன்பின் சேமிப்புக் கருவிகளைச் சேர்க்கலாம்.

வாட் கணக்கைப் பற்றி ஒன்று மட்டும்: பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள எண்ணைப் பார்க்காமல், லேபிளில் 12 வோல்ட் வழிக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 500 வாட் என்று எழுதிய மலிவான பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் மட்டும் இருந்தால் அந்த வழியில் கிடைப்பது 192 வாட்தான். கிராபிக்ஸ் அட்டையும் ப்ராசசரும் உண்பது அந்த வழியிலிருந்தே.

சேதம் ஏற்கெனவே நடந்துவிட்டால் செய்யக் கூடாத காரியம் ஒன்று இருக்கிறது. ஒரு ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை என்றவுடன், டிஸ்க்தான் பழுதோ என்று பார்க்க இன்னொன்றை அதே கேபிளில் செருகுவது. அந்த இரண்டாவது டிஸ்க் பெரும்பாலும் முதலாவதன் நகலாக வைத்திருந்த பேக்கப்பாகவே இருக்கும். அதுவும் அதே நொடியில் போகும். ஆகவே கேபிளைக் கழற்றி ஓரமாக வைத்து, மீட்டரால் அளக்கும்வரை எதையும் அதில் செருகாதீர்கள். டிவிஎஸ் டையோடு மட்டும் ஷோர்ட் ஆகியிருந்தால் பலகை வேலை தெரிந்தவர் அதைச் சரிபார்த்து அகற்றி, சரியான மின்சாரம் கொடுத்துத் தரவை நகலெடுத்துவிடலாம். அதைத் தாண்டிய சேதத்துக்கு இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு அப்பால் கொழும்புக்கு அனுப்ப நேரலாம். அனுப்பும்போது அதே மொடல் டிஸ்க் ஒன்றிலிருந்து மின்பலகையைக் கழற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டாம். இன்றைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்கின் தலைகளுக்கும் தட்டுகளுக்கும் உரிய அளவீடுகள் அதன் சொந்த மின்பலகையில் உள்ள ஒரு சிறிய நினைவகச் சில்லில் எழுதப்பட்டிருக்கும். மீட்பவர்கள் அந்தச் சில்லைப் பெயர்த்து வேறு பலகைக்கு மாற்றித்தான் டிஸ்க்கை எழுப்புவார்கள். கருகிய பலகையைக் குப்பையில் போடாமல் டிஸ்க்கோடு சேர்த்தே அனுப்புங்கள்.